செம்புத் தடமும் கணினித் திரையும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. கருவியின்மேல் பழி போடுவோரைக் குறித்துச் சொன்னது அது. ஆயினும், ஆடுமுன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதில் தவறில்லையே! மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருள்கள் சிலவற்றை அவ்வாறு சுற்றிப் பார்த்த அனுபவத்தையே இங்குக் கூற விழைகிறேன்.

வானொலி முதல் கைபேசி வரை எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பலகை இருக்கும். அதில் ஓடும் செம்புத் தடங்களே உறுப்புகளை இணைக்கின்றன. முற்காலத்தில் ஒளிபுகும் தாளில் கறுப்பு நாடாவை ஒட்டி இத்தடங்களைக் கையாலேயே அமைத்தனர். இன்று கணினியில் முதலில் சுற்றுப்படம் வரைகிறோம். பின்பு உறுப்புகளைப் பலகையில் அடுக்குகிறோம். அடுத்துத் தடம் இழுக்கிறோம். இறுதியில் 'கெர்பர்' என்னும் கோப்புகளாக்கித் தொழிற்சாலைக்கு அனுப்புகிறோம். எந்த மென்பொருளாயினும் இந்நான்கு படிகளே.

மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நான், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 7805 மின்வழங்கிச் சுற்றை மூன்று மென்பொருள்களில் வரைந்து பார்த்தேன்.

முதலாவது, ஈகிள். ஜெர்மனியில் காட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் வெளியிட்டது. பல்லாண்டுகள் அதன் இலவசப் பதிப்பில் 100-க்கு 80 மில்லிமீட்டர் அளவு வரையிலான இரண்டடுக்குப் பலகையை வரைய முடிந்தது. மாணவருக்கு அதுவே தாராளம். 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதனை வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் ஈகிளை நிறுத்துவதாக 2023-இல் அறிவித்தது.

இரண்டாவது, ஈஸி-ஈ.டி.ஏ. இணைய உலாவியிலேயே இயங்கும். உறுப்புகளைத் தேடுவதும் பலகைக்கு விலை கேட்பதும் மிக எளிது. இணையம் தடைப்பட்டால் உலாவியில் வரைபவரின் பாடு திண்டாட்டம்தான்.

மூன்றாவது, கீகேட். பிரெஞ்சு ஆசிரியர் ழான்-பியர் ஷாரா 1992-இல் தொடங்கியது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் பிற்காலத்தில் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. விலையில்லை, பலகை அளவுக்குக் கட்டுப்பாடும் இல்லை. பழகத்தான் சற்றுப் பொறுமை வேண்டும்.

மூன்றுக்கும் ஒரு தேர்வு வைத்தேன். 7805-இன் கால்களை ஒட்டி இருக்க வேண்டிய மின்தேக்கிகளை வேண்டுமென்றே பலகையின் மறுகோடியில் வைத்தேன். மூன்றும் "பிழை ஏதுமில்லை" என்றே சான்றளித்தன! அரை ஆம்பியர் ஓடினால் 7805-இல் 3.5 வாட் வெப்பம் எழும். அதற்கு வெப்பத்தணிப்புத் தகடு வேண்டுமென்றும் எதுவும் எச்சரிக்கவில்லை. தடங்களின் இடைவெளியை அளக்க மென்பொருளுக்குத் தெரியும். சுற்றின் உயிர் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதனை நம் வகுப்பறையில்தான் கற்க வேண்டும்.

அவ்வாறாயின் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? என் அண்ணன் ஒரு பயிற்சி நிலையத்தில், விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றில் அழகான பலகை ஒன்றை வரைந்தார். பயிற்சி முடிந்ததும் மென்பொருளின் உரிமமும் முடிந்தது. கையில் எஞ்சியவை கெர்பர் கோப்புகளே. அவை அச்சிட்ட புத்தகம் போன்றவை. படியெடுக்கலாம், திருத்தி எழுதுவது அரிது. ஒரேயோர் உறுப்பை மாற்றுவதற்காக அவர் முழுப் பலகையையும் மீண்டும் வரைந்தார். இரண்டு வாரம் ஆயிற்று.

அதைக் கண்ட நாள் முதல் என் அளவுகோல் மாறியது. வசதிகளை எண்ணுவதைவிட, "கல்லூரியை விட்டுச் சென்றபின் என் படைப்பை நானே திறக்க முடியுமா?" என்று கேட்பதே முதன்மையானது. கீகேட்டின் கோப்புகள் எவரும் படிக்கத்தக்க வெறும் எழுத்துகளாலானவை. 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் அது ஈகிள் கோப்புகளையும் திறக்கிறது. என் ஈகிள் பலகையை அதன்வழியே மீட்டுக்கொண்டேன்.

பெரிய நிறுவனங்களில் ஆல்டியம் போன்றவை வழங்குகின்றன. வேலைக்குச் சென்றபின் அவற்றையும் கற்போம். படிகள் நான்கும் ஒன்றே என்பதால் அச்சம் வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் கட்டவே கடன் வாங்கும் வீடுகளிலிருந்து வரும் நமக்கு, உழைப்பின் சாவி நம் கையில் இருப்பது பெரிது. நம் ஆய்வகக் கணினிகளில் கீகேட்டை நிறுவித் தருமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். நண்பர்களே, இன்றே ஒரு சிறு பலகை வரையத் தொடங்குங்கள்!