குரலும் ஒரு கருவியே

உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, ஆசிரியனுக்குக் குரல். உளி மழுங்கினால் தச்சன் சாணை பிடிக்கிறான். கொழு தேய்ந்தால் உழவன் கொல்லுலையை நாடுகிறான். குரல் கம்மிப்போன ஆசிரியனோ, மிளகையும் பனங்கற்கண்டையும் வாயிலிட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறான்.

முப்பதாண்டுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்ற நாம் இதை நன்கறிவோம். நாளொன்றுக்கு ஐந்தாறு பாடவேளை. வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள். தலைக்கு மேலே மின்விசிறியின் இரைச்சல். சன்னலுக்கு அப்பால் பேருந்துகளின் ஊதொலி. இவற்றையெல்லாம் தாண்டிக் கடைசி வரிசைக்கும் சொல் சென்று சேர வேண்டும். ஓயாமல் உரக்கப் பேசுவதால் குரல் நாண்கள் மோதி மோதித் தடிக்கின்றன. நாளடைவில் அவற்றில் சிறு முடிச்சுகள் தோன்றுவதும் உண்டு. மாலையில் வீடு திரும்பினால் பெற்ற பிள்ளையிடம் பேசக் குரல் எஞ்சுவதில்லை. "வாப்பாவுக்கு எம்மேல கோபமா?" என்று எம் மகள் தன் உம்மாவிடம் கேட்ட நாள்கள் பல.

நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒருமுறை ஆசிரியர்களுக்கென நலவாழ்வு முகாம் நடத்தினர். நல்ல நோக்கந்தான். இரத்த அழுத்தம் பார்த்தனர். மூச்சுப் பயிற்சி கற்பித்தனர். மெல்லப் பேசுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கவலையை விடுங்கள் என்று மருத்துவர் அறிவுறுத்தினார். அவர் சொன்னவற்றில் பிழையேதும் இல்லை. ஆயினும் எமக்கருகில் இருந்த ஆசிரியை ஒருவர், "தண்ணி குடிச்சிடலாம் சார், அப்புறம் எங்கே போறது?" என்று மெதுவாகக் கேட்டார். பெண்களுக்கென அங்கிருந்த ஒரே கழிப்பறை பூட்டிக் கிடந்தது. மறுநாளே இரு ஆசிரியர்கள் விடுப்பு. அவர்தம் மாணவர்களையும் எம் வகுப்பில் கொண்டுவந்து அமர்த்தினர். மெல்லப் பேசுவது எங்ஙனம்?

குரல் கெட்ட ஆசிரியர் 44 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குக் குரலைப் பேணும் அறிவுரைகளை வழங்கினர்; மற்றொரு பிரிவினருக்கு உடலில் அணியும் சிறு ஒலிபெருக்கியைக் கொடுத்தனர்; மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஆறு வாரங்களில் ஒலிபெருக்கி பெற்றோர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். அறிவுரை மட்டும் பெற்றோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் 2016-இல் தொடங்கி, ஏறத்தாழ 5,000 ஊழியரிடையே ஒரு நலவாழ்வுத் திட்டத்தைச் சோதித்தனர். அதனால் மருத்துவச் செலவும் குறையவில்லை, விடுப்பும் குறையவில்லை. முன்வந்து கலந்துகொண்டோர், திட்டம் தொடங்குமுன்னரே மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவிட்டு வந்தவர்கள் என்பதும் புலனாயிற்று.

உள்ளத்தின் சோர்வும் இத்தகையதே. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்கு விளக்கம் தந்தபோது, அதனை ஒரு நோயாக வகைப்படுத்தாமல், பணியிடத்தில் நெடுநாள் தீராத அழுத்தத்தின் விளைவு என்றே குறித்தது. பணியிடத்தில் விளைவதற்குப் பணியிடத்தில்தானே பரிகாரம் தேட வேண்டும்?

அப்பரிகாரம் எட்டாக்கனி அன்று. தொடக்கப்பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. வார வேலை 45 மணி என்று கூறும் அச்சட்டம், பாடம் ஆயத்தம் செய்யும் நேரத்தையும் அதற்குள் சேர்த்தே எண்ணுகிறது. இவற்றுடன் திறந்திருக்கும் கழிப்பறை, தொடர்ந்து இரு பாடவேளைக்குப் பின் ஓர் ஓய்வு, பெரிய வகுப்புக்கு ஒரு சிறு ஒலிபெருக்கி, இரவு எட்டு மணிக்குப் பின் வாட்ஸ்அப் ஆணைகள் வாராத நிம்மதி ஆகியன வாய்த்தால், முகாமில் கற்ற மூச்சுப் பயிற்சியும் பயன் தரும்.

வாசக அன்பர்களே! நம் குடும்பங்களில் ஆசிரியைகளாகப் பணிபுரியும் பெண்மக்கள் ஏராளம். பள்ளிகளை நடத்தும் பெரியவர்களும் நம்மிடையே உள்ளனர். அடுத்த முறை பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லும்போது, பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டபின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கு உட்கார ஒரு வேளை உண்டா?"