வகுப்பு முடிந்த பிறகு

வேலையில் இருப்போரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது இன்று சிறு வணிக நிறுவனங்களிலும் வழக்கமாகிவிட்டது. மூன்று நாள் வகுப்பு, தடித்ததொரு குறிப்பேடு, நடுப்பகலில் நல்ல உணவு, முடிவில் குழுப் படமும் சான்றிதழும். அனுப்பிய முதலாளிக்கு மனநிறைவு. சென்று வந்தவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பழைய நாற்காலியில் அமர்ந்து பழைய வேலையைத் தொட்டதும், வகுப்பில் வெள்ளிடை மலையாய்த் தெரிந்தது கைக்கு எட்டாமல் நழுவுகிறது. கேட்க ஆளில்லை. பயிற்றுநர் அடுத்த ஊரில் அடுத்த வகுப்பை நடத்திக் கொண்டிருப்பார்.

சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தவள் நான். உம்மாவின் உடல்நிலை கருதி நாகூர் திரும்பிய பின், கடைகளிலும் அலுவலகங்களிலும் கணக்கெழுதும் பெண்களுக்கு வீட்டிலிருந்தே இணையவழியாக வழிகாட்டி வருகிறேன். இதை வகுப்பு என்று நான் சொல்வதில்லை. பாடம் நடத்துவதே இல்லை. வகுப்பில் கற்று வந்ததை அவர்கள் தம் மேசையில், தம் கடையின் பில்களைக் கொண்டு செய்யும்போது கணினித் திரை வழியே உடனிருந்து பார்ப்பது மட்டுமே என் வேலை.

சென்ற ஆண்டு, 2025 ஜூலையில், காலணி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் என்னிடம் பேசினார். கடையில் கணக்கெழுதும் பெண்ணை ஜி.எஸ்.டி. பயிற்சிக்காகத் திருச்சிக்கு அனுப்பியிருந்தாராம். "காசு கட்டி அனுப்பிச்சேம்மா. வந்து ஒரு மாசமாச்சு, எல்லாம் பழையபடிதான் இருக்கு. அந்தப் புள்ளைக்கு இது சரிப்படாது போல" என்றார். அந்தப் பெண் பி.காம். முடித்தவள், அவளது குடும்பத்தில் முதன்முதலாக வேலைக்குப் போகும் பெண். திருச்சியில் மூன்று நாள் உறவினர் வீட்டில் தங்க அனுமதி பெறுவதற்கே வாப்பாவிடம் மூன்று வாரம் மன்றாட வேண்டியிருந்தது என்று பின்னர் சொன்னாள். "சரிப்படாது" என்ற ஒரு சொல்லில் அவள் வேலை மட்டுமா போகும்? அவளுக்குப் பின் அந்த வீட்டிலிருந்து படியிறங்க நினைக்கும் தங்கைகளின் வழியும் அடைபடும்.

வாரம் இரு முறை, லுஹருக்குப் பின் கடையில் கூட்டம் குறையும் வேளையில், இருபது நிமிடங்கள் என்று வைத்துக் கொண்டோம். முதல் நாளே ஒன்று விளங்கியது. அவள் வகுப்பைக் கவனமாகவே கேட்டிருந்தாள். வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி., மாநிலத்துக்குள் என்றால் மத்திய வரியும் மாநில வரியும் பாதிக்குப் பாதி என்று தடையின்றிச் சொன்னாள். ஆயினும் காரைக்கால் கடைகளுக்கு அனுப்பிய சரக்குக்கெல்லாம் மாநில வரி போட்டு வைத்திருந்தாள். "லாத்தா, காரைக்கால் நம்ம பக்கத்து ஊருதானே? அதுக்குமா?" என்று கேட்டாள்.

கேள்வியில் பிழையில்லை. காலையில் காரைக்கால் போய் மதிய உணவுக்குள் திரும்பிவிடும் எங்களூர்க்காரர் எவருக்கும் அது வேற்றுப் பிரதேசம் என்ற நினைவு எழாது. ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வரிக்கணக்கில் மும்பைக்கு அனுப்புவதும் அங்கே அனுப்புவதும் ஒன்றே. திருச்சி வகுப்பில் மும்பையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்களாம். பல ஊர்க்காரர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் காரைக்காலைப் பற்றிப் பேச எவருக்குத் தோன்றும்? வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்கச் சொன்னேன். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. பத்து பில்களை என் கண்முன்னே அவளே பிரித்தாள். அதன் பிறகு அந்தப் பிழை நேரவில்லை.

இதில் நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுண்டு. அவளது கணினியை இங்கிருந்தே இயக்கும் வசதி இருந்தாலும் நான் அதைத் தொடுவதில்லை. அவள் செய்ய வேண்டும். செய்யும்போதே ஏன் செய்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் செய்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, அவள் செய்தால் இருபது நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடங்களுக்காகத்தான் எனக்கு ஊதியம் தருகிறார்கள் என்று முதலாளிகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் சிரிப்பதில்லை.

திரை வழியே பிறர் கணக்கைப் பார்ப்பது எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடிய காரியமன்று. காலணிக் கடை முதலாளியும் தயங்கினார். எதையும் பதிவு செய்வதில்லை, எந்தக் கோப்பையும் என் கணினிக்கு அனுப்பக் கூடாது, வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது திரையை மூடிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பின்னரே இசைந்தார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். கேட்காமலே திரையைத் திறந்துவிடும் கடைகளைக் கண்டால்தான் எனக்கு அச்சம்.

இம்முறை என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003 இல் எக்கோ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய் கண்டவர்கள் அவரைப் பார்க்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே கிராமப்புற மருத்துவர்களையும் சிறைச்சாலை மருத்துவர்களையும் வாரந்தோறும் காணொளியில் கூட்டினார். அவர்கள் தம் நோயாளிகளின் நிலையை எடுத்துரைப்பர். வல்லுநர்கள் கேட்டு ஆலோசனை கூறுவர். நோயாளி கடைசி வரை உள்ளூர் மருத்துவரின் பொறுப்பிலேயே இருப்பார். 407 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோரில் 57.5 சதவீதத்தினரின் உடலிலிருந்து கிருமி நீங்கியிருந்தது. கிராமங்களிலும் சிறைகளிலும் சிகிச்சை பெற்றோரில் அது 58.2 சதவீதம். வல்லுநரிடம் நேரே செல்லாதவர்களும் சற்றும் குறையாத பலனைப் பெற்றார்கள்.

செப்டம்பரில் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. ஜோடி 1,000 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம் என்று மாறியது. ஜூன் மாதம் வகுப்பில் எழுதி வந்த குறிப்பேட்டின் பாதிப் பக்கங்கள் ஒரே நாளில் பழையதாயின. முதலாளியின் கவலை பழைய இருப்பைப் பற்றியது. 12 கொடுத்து வாங்கியதை 5 வைத்து விற்றாலும், கொள்முதலில் முறையாக எடுத்த வரி வரவு பறிபோகாது என்று அரசின் விளக்கத்தை அவளே தேடி எடுத்து அவரிடம் காட்டியிருந்தாள்.

அக்டோபரில் ஒரு கடைக்காரர் ஆகஸ்டில் வாங்கிய செருப்புகளில் சிலவற்றைத் திருப்பி அனுப்பினார். கிரெடிட் நோட்டு போட வேண்டும். எந்த விகிதத்தில்? திரையில் அவள் விரல் 5இல் நின்றது. நான் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அன்னைக்கு அவங்ககிட்ட 12 வாங்கினோம். வாங்கினதைத்தானே லாத்தா திருப்பிக் கொடுக்கணும்?" என்றாள். அன்றைய இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடமே செலவாயிற்று. மீதி நேரம் அவள் தங்கையின் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம்.

இணையவழி என்றால் எல்லாம் கைகூடும் என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் மபுமலாங்கா மாநிலத் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களை இரு வகையாக ஊக்கிப் பார்த்தார்கள். சில பள்ளிகளுக்கு வழிகாட்டி நேரில் சென்றார். சில பள்ளிகளுக்குக் கையடக்கக் கணினியும் தொலைபேசியும் மட்டுமே. மூன்றாண்டு முடிவில், வழிகாட்டி நேரில் சென்ற பள்ளிகளின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதிலும் வாசிப்பதிலும் முன்னேறியிருந்தனர். தொலைவிலிருந்து வழிகாட்டிய பள்ளிகளில் பேச்சு ஓரளவே மேம்பட்டது, வாசிப்பு மேம்படவில்லை, தாய்மொழி வாசிப்போ சற்றுப் பின்தங்கியது. 2022 இல் வெளியான ஆய்வு இது. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையைத் தொலைபேசிக்குள் அடக்கிக் காட்ட முடியாது என்பதே என் எண்ணம். பில்லும் பேரேடும் திரைக்குள் அடங்கும்.

கடை வேலையிலும் அடங்காதவை உண்டு. கிடங்கில் இருப்பு எண்ணுவதை அவளுக்குத் திரையில் சொல்லிக்கொடுக்க முயன்று பயனில்லை. எந்த அடுக்கில் எந்த அளவு, எந்தப் பெட்டியில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடக்கிறது என்பதெல்லாம் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினால் புலப்படுவதில்லை. நேரில்தான் போக வேண்டும்.

இப்போது வாரம் இரு முறை என்பது மாதம் இரு முறையாகக் குறைந்துவிட்டது. 11 ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20 ஆம் தேதிக்குள் ரிட்டர்ன். இரண்டையும் அவளே தாக்கல் செய்கிறாள். தாக்கலுக்கு முந்திய நாள் மட்டும் நான் ஒரு முறை பார்க்கிறேன். முதலாளி அந்தப் பழைய சொல்லை மறுபடி எடுக்கவில்லை. மார்ச் முடிவில் இருப்புக் கணக்கெடுப்புக்கு மட்டும் ஒரு நாள் கடைக்கு வரவேண்டுமென்று கேட்டிருக்கிறார். உம்மாவைப் பார்த்துக்கொள்ள அன்று தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறாள், போவதாகத்தான் இருக்கிறேன்.