டிட்கோட்டில் நாங்கள் இறங்கவில்லை

காலை நிகழ்ச்சி நடத்துகிற வானொலி அறிவிப்பாளருக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொலைபேசி வந்தால், யாரோ பணிக்கு வரவில்லை என்று அர்த்தம். விடுமுறை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமில் சித்தி வீட்டு மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்தபோதும் எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. அழைத்தவர் பிரிஸ்டலில் இருக்கும் என் தங்கையின் கணவர்.

“அக்கா, வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்.”

மருத்துவர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பிரிஸ்டலுக்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த ரயில் டிக்கெட்டுக்கு மூன்று நாள் இருந்தது.

அந்த டிக்கெட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிரிட்டனில் நெடுந்தூர ரயில்களுக்கு ‘அட்வான்ஸ்’ டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் விற்பனைக்கு வரும். மிகக் குறைந்த விலையில் கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள். அவை தீர்ந்ததும் அடுத்த விலை, அதுவும் தீர்ந்தால் அதற்கும் மேல். தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டுக்கு அடித்துப் பிடித்த அனுபவம் நமக்கெல்லாம் இருப்பதால், இது எனக்குக் கைவந்த கலை. ஜூலை மாதமே கோலாலம்பூரில் உட்கார்ந்து, தினமும் நிகழ்ச்சி முடிந்ததும் பார்த்துக்கொண்டே இருந்து, விற்பனை திறந்த அன்றே வாங்கினேன். கூடவே ‘டூ டுகெதர்’ என்ற சலுகை அட்டை ஒன்று. அட்டையில் பெயரும் படமும் உள்ள இரண்டு பேர் சேர்ந்து பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஓராண்டுக்கு அப்போது 30 பவுண்டு. நம்மைப் போல் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் வாங்கலாம். அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து பிரிஸ்டலுக்கு 42 பவுண்டுதான் ஆனது. 2023 அக்டோபரில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 5 ரிங்கிட் 80 சென்னுக்கு விற்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மலிவு டிக்கெட்டின் மறுபக்கம் அன்று காலையில்தான் உறைத்தது. அட்வான்ஸ் டிக்கெட் எந்த ரயிலுக்கு வாங்கினோமோ அந்த ரயிலுக்கு மட்டும்தான். பணம் திரும்பக் கிடைக்காது. புறப்படும் முன் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கொரு கட்டணமும், புதிய டிக்கெட்டின் விலை வித்தியாசமும் கட்ட வேண்டும். சலுகை அட்டையோ வார நாள்களில் காலை 9.30க்கு முன் செல்லாது. அன்று செவ்வாய்க்கிழமை. பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு யாரும் முன்பதிவு வைத்திருக்கவில்லை.

அம்மா பத்து நிமிடத்தில் தயாராகிவிட்டார். மிளகு, சுக்கு, பூண்டு, பெருங்காயம் என்று பத்திய சாமான் அடங்கிய பை செந்தூலிலிருந்து வந்தபடியே கட்டு அவிழ்க்காமல் இருந்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்து பாதாள ரயிலில் நேராக பேடிங்டன் வந்து சேர்ந்தபோது மணி 7.40. அம்மாவைப் பெரிய அறிவிப்புப் பலகைக்குக் கீழே பைகளோடு நிறுத்திவிட்டு நான் டிக்கெட் முகப்புக்கு ஓடினேன்.

எட்டு மணிக்கு ஒரு ரயில் இருந்தது. ஆளுக்கு 100 பவுண்டுக்கு மேல். ஒரு வழிக்கு! இரண்டு பேருக்கும் சேர்த்தால் 1,200 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. காலை நெரிசல் நேரத்தில் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்கிற டிக்கெட்டின் விலை அது.

எனக்கு இன்னொரு வழி தெரியும். இங்கிலாந்தில் படித்த தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்தது. லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரே டிக்கெட்டாக வாங்காமல், நடுவில் டிட்கோட் என்ற ஊர்வரை ஒன்று, டிட்கோட்டிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒன்று என்று இரண்டாக உடைத்து வாங்குவது. அதே ரயில், அதே இருக்கை. பாதி விலை.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அங்கே கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் இல்லை. எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கென்று தனி விலை உண்டு. 1990களில் ரயில் தனியார்மயமான பிறகு, ஒவ்வொரு வழித்தடத்தின் விலையையும் ஒரு நிறுவனம் நிர்ணயிக்கும் ஏற்பாடு வந்தது. லண்டன் – பிரிஸ்டல் வழியில் காலையில் போகிறவர்களில் பலருக்கு அலுவலகமே பணம் கட்டும், அதற்கேற்ற விலை. டிட்கோட்டில் ஏறுகிறவருக்கு அந்த விலை இல்லை. தவிர, நெரிசல் நேரம் என்பது ரயில் கிளம்பும் நேரத்தைப் பொறுத்தது அல்லவா? லண்டனில் நெரிசலாக இருக்கிற ரயில் டிட்கோட்டுக்கு வந்து சேரும்போது அந்த ஊர்க் கணக்கில் நெரிசல் முடிந்திருக்கும். மீதி வழிக்குச் சாதாரண டிக்கெட் போதும். இந்த வழியில் டிட்கோட் மிகப் பிரபலம். இப்படி எங்கே உடைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லவே இணையதளங்கள் இருக்கின்றன. சில தளங்கள் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முகப்பில் நாமே கேட்டும் வாங்கலாம். ஆனால் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்த ஊரில் உடைக்கிறோமோ அந்த ஊரில் ரயில் நின்று போக வேண்டும். நாம் இறங்க வேண்டியதில்லை, ரயில் நின்றால் போதும்.

எட்டு மணி ரயில் டிட்கோட்டில் நிற்காது. எட்டரை ரயில் நிற்கும்.

எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். முகப்பில் இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். வானொலியில் நாங்கள் நொடிக் கணக்கில் வேலை செய்கிறவர்கள்; அந்த இடத்தில் நான் எடுத்துக்கொண்டது ஐந்து நொடி இருக்கும். முதல் பிரசவம், நேரமெடுக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரம்தானே. மிச்சம் 100 பவுண்டுக்குக் குறையாது, என் காரின் ஒரு மாதத் தவணை.

“எட்டரைக்கு ரெண்டு பேர். டிட்கோட் வரைக்கும், அப்புறம் டிட்கோட்டிலிருந்து.”

அவர் லேசாகச் சிரித்தார். ஆரஞ்சுக் கரை போட்ட சிறு அட்டைகள் நான்கு வந்து விழுந்தன. நான் அம்மாவிடம் போய், “அடுத்த ரயில் எட்டரைக்கும்மா” என்றேன். அம்மா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி” என்றார்.

ரயில் கிளம்பிய பிறகுதான் நான்கு டிக்கெட் எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“இது திருட்டு டிக்கெட் இல்லையாடி?”

அம்மா ரயில்வே வீட்டுப் பெண். தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ரயிலில் டிக்கெட் இல்லாமல் போவது கோயில் உண்டியலில் கை வைப்பதற்குச் சமம் என்று சொல்லி வளர்த்தவர். எந்த நிலையத்துக்குள் நுழைந்தாலும் முதலில் நேரப் பலகையைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். அம்மாவுக்கும் அதே பழக்கம். அப்படிப்பட்டவரிடம், ஓர் ஊரில் இறங்காமலே இறங்கி ஏறியதாகக் கணக்கு என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வார்? தேசிய ரயில் பயண விதிகளின் 14ஆம் பிரிவைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். பல டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பயணம் செய்யலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அம்மா படித்தார். படித்துவிட்டு, “டிட்கோட்ல நான் எதுக்கும் ஒருவாட்டி இறங்கி ஏறிடுறேன்” என்றார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ரெடிங் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். அம்மா நான்கையும் சீட்டுக்கட்டுபோல விரித்து நீட்டினார். அவர் பார்த்து, “ஆ, டிட்கோட்!” என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். டிட்கோட் வந்தது, கதவுகள் திறந்தன, நாலைந்து பேர் ஏறினார்கள். சந்தேகமான எதையாவது பார்த்தால் சொல்லுங்கள் என்ற அறிவிப்பு ‘சீ இட், சே இட், சார்ட்டட்’ என்று மறுபடியும் ஒலித்தது. (என் தொழில் கருத்து: அந்தக் கடைசிச் சொல்லை அவ்வளவு உற்சாகமாகச் சொல்லத் தேவையில்லை.) அம்மா இறங்கவில்லை. ரயில் மீண்டும் நகர்ந்ததும் கைப்பையை விட்டார்.

அப்புறம் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

“நாங்களும் இதைத்தானே செஞ்சோம். ஜொகூர் பாருல.”

சிங்கப்பூரில் பெரியம்மா வீடு. தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30 அன்று மூடப்படும்வரை கோலாலம்பூர் ரயில் அங்கிருந்துதான் கிளம்பும். மலேசியாவில் கட்டணம் எத்தனை ரிங்கிட்டோ, சிங்கப்பூரில் ஏறினால் அதே எண், சிங்கப்பூர் வெள்ளியில். வெள்ளி மதிப்பு ஏற ஏற, திரும்பி வருகிற வழி கசந்தது. அதனால் பலரும் செய்தது போலவே அப்பாவும் அம்மாவும் குவீன் ஸ்திரீட்டில் 170ஆம் எண் பேருந்து பிடித்து, கடப்பிதழும் கையுமாகப் பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாருவில் ரிங்கிட் கொடுத்து ரயில் ஏறியிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் கணக்கு சாகவில்லை. 2015 முதல் உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் ஓடுகிற ஷட்டில் தெப்ராவ் ரயிலில் அங்கிருந்து இங்கே வர 5 வெள்ளி. இங்கிருந்து அங்கே போக 5 ரிங்கிட். ஐந்து நிமிடப் பயணம்.

“தாத்தாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“சொன்னா திட்டுவாருன்னு அப்பா சொல்லவே இல்ல. ரயில்லயே வந்தோம்னு சொல்லிட்டோம். அது பொய்யும் இல்லையே.”

ஸ்விண்டன், சிப்பன்ஹாம். வெளியே மழை பெய்து ஓய்ந்த புல்வெளி. இந்தப் பாதையை அமைத்த புரூணல் என்ற பொறியாளரைப் பற்றித் தோழி நிறையச் சொல்லியிருந்தாள். பாத் நகரத்துக்கு முன்னால் 1841இல் அவர் குடைந்து முடித்த பாக்ஸ் சுரங்கம் வருகிறது, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அதற்குள் நுழைந்ததும் கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. வெளியே வந்ததும் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவது ஒரு படம். இரண்டாவது: ‘பெண் குழந்தை, 9.47.’

வலி முந்திய இரவே தொடங்கியிருக்கிறது. எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று விடியும்வரை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். எட்டு மணி ரயில் பிரிஸ்டலில் 9.40 வாக்கில் நின்றிருக்கும். நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு டாக்சியில் பத்து நிமிடம். 9.50 என்று வைத்தாலும் குழந்தை பிறந்திருக்கும். மூன்று நிமிடம், ஒரு விளம்பர இடைவேளை. எப்படிப் போயிருந்தாலும் பிந்தியிருப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயில் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால், டாக்சி உடனே கிடைத்திருந்தால் என்று அந்தக் கணக்கு உடனே திரும்பி வந்தது. இப்போதும் சில நாள் வருகிறது.

மருத்துவமனை அறையில் தங்கை சோர்ந்து படுத்திருந்தாள். குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, “ஏம்மா இவ்வளவு நேரம்? நீ வந்துருவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்று கேட்டாள்.

அம்மா குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எட்டரைக்குத்தான்டி ரயிலு. அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல.”

பேடிங்டனில் அந்தப் பலகைக்குக் கீழே ஐம்பது நிமிடம் நின்றவர் அம்மா. நான் பையைத் திறந்து, பூண்டையும் சுக்கையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.