பெயரை அழித்த பின்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் தமிழகத்து ஊராட்சிகளில் கிராம சபை கூடியது. காந்தியடிகள் பிறந்த நாளில் கூட வேண்டிய சபை, அவ்வாண்டு விஜயதசமியும் அதே நாளில் வந்தமையால் சற்றுத் தள்ளிப்போயிற்று. குடிநீர், தெருவிளக்கு என்னும் வழக்கமான பொருள்களுடன் இம்முறை புதிதாக ஒன்றும் பேசப்பட்டது. சாதிப் பெயர் தாங்கிய தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வேறு பெயர் சூட்டுவது பற்றிய பொருள் அது. அதே ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பின் வழிவந்ததே இது எனலாம்.

‘காலனி’ என்பதில் என்ன இழிவு என்று நகரத்து அன்பர்கள் வினவக்கூடும். வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி என்று மதிப்போடு வாழ்வோரும் உளர் அன்றோ! கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் இச்சொல்லுக்கு முன்னால் எதையும் சேர்ப்பதில்லை. ‘ஊர்’ என்றால் ஒரு பக்கம். ‘காலனி’ என்றால் மறுபக்கம். மங்கலத்தைச் சுற்றியுள்ள விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் இரு பக்கத்தாரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கின்றனர். மாலையில் வண்டி அவர்களை வெவ்வேறு நிறுத்தங்களில் இறக்கிவிடுகிறது. வாடகை வீடு தேடி அலைந்த எம் பங்குப் பெண்மணி ஒருவர் நம்மிடம் சொன்னார்: “பஸ் ஸ்டாப் பேரைச் சொன்னாப் போதுமுங்க சாமி. அதுக்கு மேல அவங்க ஒண்ணுமே கேக்கறதில்லீங்க.”

ஆகவே பெயரை நீக்குவது வேண்டியதே. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அழித்த இடத்தில் எதை எழுதுவது என்பதே நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. புலவர்கள், தலைவர்கள், மலர்கள் ஆகியோரின், ஆகியவற்றின் பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன. மலரின் பெயர் யாரையும் புண்படுத்தாது. ஆனால் அத்தெருவில் யார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் அது சொல்லாது. கூட்டத்திற்குச் சென்று வந்த பெரியவர் ஒருவர், “ரோஜாத் தெருன்னு வெச்சா நல்லாத்தான் இருக்கும், ரோஜாத் தெருன்னா எதுன்னு கேப்பாங்க, பழைய காலனிதான்னு சொல்லுவாங்க” என்றார். (அதே வாரத்தில், அக்டோபர் 9ஆம் நாள், கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு பெயர் வைக்கப்பட்டது. ஒரு கையால் அழித்து மறு கையால் எழுதுவதா என்று சிலரும், அவ்விஞ்ஞானியை வேறு எப்படி அழைப்பது என்று சிலரும் வாதிட்டனர். தேநீர்க் கடைகளுக்கு அது நல்ல வாரம்.)

சுவர் எழுத்தோவியர் ஒருவர் எம் ஆலயத் திருவிழா அறிவிப்புகளை முன்பெல்லாம் எழுதித் தருவார். பிளெக்ஸ் பலகை வந்தபின் அவருக்குத் தொழில் குறைந்துவிட்டது. எனாமலில் எழுதிய எழுத்தின்மேல் வெறும் சுண்ணாம்பு அடித்தால் இரண்டு மழைக்குப் பின் பழைய எழுத்து மெல்லத் தெரியத் தொடங்கும் என்பார் அவர். சுரண்டி எடுத்துவிட்டு வேறொன்றை அழுத்தமாக எழுத வேண்டுமாம்.

அழுத்தமாக எழுதிய ஒரு நகரத்தின் கதை நமக்குத் தெரியும். 2020 மே 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் நாள், வாஷிங்டன் நகர மேயர் மியூரியல் பவுசரின் பணிப்பில், வெள்ளை மாளிகையை நோக்கிச் செல்லும் 16ஆம் தெருவில், ‘கறுப்பினத்தவரின் உயிர் பொருட்டானது’ எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் மஞ்சள் நிறப் பேரெழுத்தில் தீட்டப்பட்டன. ஓவியத்தால் கொலை நின்றுவிடுமா என்று போராடியவர்களிலேயே சிலர் அன்று கேட்டனர், நியாயமான கேள்விதான். 2025 மார்ச்சில் அவ்வெழுத்துகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அகற்றாவிடில் நகருக்குரிய நிதியை நிறுத்துவோம் என நாடாளுமன்றத்தில் மசோதா வந்தபின், எழுதச் சொன்ன அதே மேயரே அகற்றவும் சொன்னார். ஓர் ஆணையால் எழுதப்பட்டது இன்னோர் ஆணையால் போயிற்று.

அவ்வகையில் கிராம சபையைக் கேட்டு முடிவெடுப்பது மேலான வழி. ஆனால் கிராம சபையில் பேசுவோர் யார்? திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அக்டோபர்க் கூட்டம் தனி அலுவலர்களின் பொறுப்பில் நடந்தது. தறி ஓட்டுபவரும் செக்கிங் பெண்களும் ஒரு நாள் கூலியை இழந்தே அங்கு வந்து அமர முடியும். வந்தாலும், தம் முதலாளியும் தமக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பவரும் முன்வரிசையில் இருக்கையில், ‘எங்கள் தெருவின் பெயர் எங்களைக் கூச வைக்கிறது’ என்று எழுந்து சொல்வது எளிதன்று.

வண்ணம் தீட்டும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் மின்கம்பங்களிலும் பாலச் சுவர்களிலும் தத்தம் சாதிக்குரிய நிறங்களைத் தீட்டி எல்லை குறித்தனர். அண்மை ஆண்டுகளில் காவல்துறையின் முயற்சியால் ஊர்மக்களே பல இடங்களில் அவற்றை அழித்தனர். நல்லதே. அங்கும் கம்பங்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

சென்னைக் கண்ணகி நகரில் வேறொன்று நிகழ்ந்தது. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தப்பட்ட அடுக்ககங்கள் அவை. 2020இல் அந்த நெடுஞ்சுவர்களில் ஓவியர்கள் பெரும் ஓவியங்களைத் தீட்டினர். எளிய மக்களின் முகங்களும் அவற்றில் இடம்பெற்றன. அதனால் அவர்களுக்கு வேலை அருகில் வந்துவிடவில்லை. ஆயினும், முகவரியைச் சொல்லத் தயங்கியவரின் முகம் நெடுஞ்சுவரில் நின்று சாலையைப் பார்க்கிறது.

நம் பக்கத்து மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை, மழையில் இடிந்து விழுந்த உயர்ந்த சுற்றுச்சுவர் 17 பேரை உறக்கத்திலேயே கொன்றது. அனைவரும் தலித் மக்கள். புதுப் பெயர் தேடும் ஊராட்சிகள் இப்பதினேழு பேரையும் எண்ணிப் பார்க்கலாம் என்பது நம் கருத்து.

இதைச் சொல்லும்போது இறைமக்களாகிய நம்மிடமும் திரும்பிப் பார்க்க நேர்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தோரைச் சாதியால் பிரித்து நின்ற சுவரைப் பற்றி இவ்விதழின் வாசகர் பலர் அறிவர். 2008 மார்ச் 9ஆம் நாள் எறையூரில், கத்தோலிக்கர்களுக்கு இடையே எழுந்த சாதிப் பூசல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் மாண்டனர். சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்பதை வலியுறுத்தி இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. அதன் படியை எத்தனை ஆலய அறிவிப்புப் பலகைகளில் கண்டோம்?

எம் பங்கு இளைஞர்கள் ஒரு மனு எழுதியிருக்கின்றனர். பேருந்து நிறுத்தத்தை நோக்கியுள்ள பொதுச் சுவரில் தறியோட்டியர், சாயப்பட்டறைத் தொழிலாளர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தையற்காரர் ஆகியோரின் முகங்களை வரைய ஒப்புதல் வேண்டும் என்பது மனு. யார் முகம் முதலில் என்று அதற்குள் கேள்வி எழுந்துவிட்டது. முகமே வேண்டாம், மரம் வரையலாம் என்றும் சிலர் சமாதானம் பேசினர். இளைஞர்கள் இணங்கவில்லை. இரு பக்கத்துக் கையொப்பமும் இருந்தால்தான் அடுத்த கிராம சபையில் மனுவை வைப்பது என்பதில் அவர்கள் உறுதியாக உள்ளனர். காலனிப் பக்கம் இரண்டு மாலைகளில் முடிந்தது. ஊருக்குள் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கின்றனர்.