மேலே ஒன்றரை ஏக்கர், கடலுக்கு அப்பால் ஐந்து ஆர்

மலையில் நிலம் வாங்கிப்போடுவது எங்கள் பக்கத்தில் பழைய வியாதி. சேவுகம்பட்டியிலிருந்து மேற்கே பார்த்தால் கீழ்ப்பழனி மலை. அய்யம்பாளையம், சித்தரேவு தாண்டினால் ஏற்றம் ஆரம்பம். பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி என்று பாதை போகும். காலையில் கீழே தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டவர் மத்தியானம் 4,000 அடிக்கு மேலே காபிச் செடிக்கு நடுவில் நிற்கலாம். அந்த வசதிதான் வினை. கிட்டத்தில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

எங்களுக்கும் மேலே ஒன்றரை ஏக்கர் உண்டு. அப்பா வாங்கியது. அவர் பாதி நாள் அங்கேதான் கிடப்பார். நான் கீழே இருந்து பார்த்துக்கொள்கிறவன்.

*

கீழ்நாட்டுப் பணம் மலை ஏறியதற்குப் பக்கத்து ஊர் பட்டிவீரன்பட்டிதான் பெரிய சாட்சி. காபித் தோட்டம், காபியைப் பதப்படுத்தும் கியூரிங், ஏலக்காய் வியாபாரம் என்று அந்த ஊர் வளர்ந்ததே மலையை வைத்துத்தான். சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன் அந்த ஊர்க்காரர். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டின் தலைவர் என்று ஊருக்கெல்லாம் தெரியும். தி. நகரில் சட்டை வாங்குகிறவர்களுக்கு அது பட்டிவீரன்பட்டிப் பெயர் என்று தெரியாது.

இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1970இல் ஒரு குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று இன்னும் இறுக்கினார்கள். ஆனால் காபி, தேயிலை, ஏலம், ரப்பர் போட்டிருந்த தோட்டங்களுக்கு விலக்கு. நஞ்சையில் கணக்குப் பார்த்த சர்க்கார் மலைத்தோட்டத்தில் பார்க்கவில்லை. காபிச் செடி வைத்திருந்தவர் அந்த வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

*

தாண்டிக்குடியில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்திருக்கிறார். நாம் ‘ஒதுக்குப்புறம்’ என்று சொல்லி ஏக்கர் விலை குறைத்துக் கேட்கிற இடத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஆள் இருந்து, செத்து, கல் நட்டுப் புதைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் பளியர்கள் இருக்கிறார்கள். தோட்டக் கூலிக்கு வருகிறவர்களாக.

பட்டா யார் பெயரில் என்று கேட்கிற நாம், பட்டாவுக்கு முன்னால் யார் என்று கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதைத்தான் கேட்கச் சொன்னது. பத்திர எழுத்தரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

*

தங்கச்சி மகன் பாலித் தீவில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் இருக்கிறான். அவன் வாட்ஸப்பில் அனுப்பியது:

“மாமா, சும்பான்னு ஒரு தீவு. பாலிலருந்து பிளேன்ல போகணும். கடலைப் பாத்த எடம். அஞ்சு ஆர். கூட்டாளிங்க நாலு பேரு சேந்து வாங்குறோம். வெலை பாலில பத்துல ஒரு பங்குன்னு புரோக்கர் சொல்றாரு. உங்க யோசனை என்ன?”

கூடவே படம். வெள்ளை மணல், நீலத் தண்ணீர், நடுவில் ஒரு முளைக்குச்சி, அதில் சிவப்புத் துணி.

ஆர் என்பது 100 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டரை செண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஐந்து ஆர் பன்னிரண்டு செண்டுச் சொச்சம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று செண்ட். சேவுகம்பட்டியில் மூன்று செண்டில் வீட்டைக் கட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைத் தெருவில் நிறுத்த வேண்டும்.

*

சும்பாவைப் பற்றிப் படித்தேன். திண்டுக்கல் மாவட்டத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு, ஜனத்தொகை நம்மில் பாதிகூட இல்லை. இந்தோனேசியா என்றாலே பச்சைப்பசேல் என்று நினைப்போம். சும்பா வறண்ட தீவு. வருஷத்தில் பாதி புல்வெளியெல்லாம் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். குதிரைக்குப் பெயர்போன ஊர். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்கு. மலேரியா இன்னும் போகவில்லை. 1845இல் மதுரைக் காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல் ஏறி வீடு கட்டினார்கள். இவன் காய்ச்சல் இருக்கிற இடம் தேடிப் போய் வீடு கட்டப் பார்க்கிறான்.

அங்கேயும் கற்திட்டை உண்டு. தாண்டிக்குடியில் தொல்லியல் துறைப் பலகைக்கு உரிய சமாச்சாரம், சும்பாவில் நடப்பு வழக்கம். வீட்டு வாசலுக்கு எதிரே பெரிய கல் பலகையைக் கால் கொடுத்து நிறுத்தி அதன் அடியில் முன்னோரை வைக்கிறார்கள். அந்தக் கல்லை இழுத்துவர நூற்றுக்கணக்கான ஆட்கள். எருமையும் பன்றியும் வெட்டி எல்லோருக்கும் சோறு. அப்படிப்பட்ட ஊரில் நிலம் ஒரு ஆள் சொத்தாக இருப்பது அபூர்வம். அண்ணன் தம்பி, பங்காளி, குலம் என்று எல்லோர் காலும் அதில் பதிந்திருக்கும். கையெழுத்துப் போட்டவர் ஒருவர், அடுத்த வருஷம் வாசலில் வந்து நிற்பவர்கள் முப்பது பேர் என்று ஆகலாம். இது நமக்குப் புதிதா என்ன? கூட்டுப்பட்டாவில் ஒரு பங்காளி விட்டுப்போய், விற்றவனும் வாங்கினவனும் கோர்ட்டுக்கு நடக்கிற கதை எங்கள் தெருவிலேயே கிடைக்கும்.

*

சட்டத்தை முதலில் பார்த்திருக்க வேண்டும். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமைப் பத்திரம் (ஹக் மிலிக் என்பார்கள்) அந்நாட்டுக் குடிமகனுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரனுக்கு அனுபோக உரிமை. குடியிருப்பு அனுமதி இருந்தால் 30 வருஷம், நீட்டித்தால் 20, புதுப்பித்தால் 30. இல்லையென்றால் வெறும் குத்தகை.

“அதுக்கெல்லாம் வழி இருக்கு மாமா. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் பேர்ல பத்திரம், நமக்குத் தனியா ஒரு அக்ரிமென்ட்” என்கிறான். அதே சட்டம் இந்த மாதிரி ஏற்பாடு செல்லாது, நிலம் சர்க்காரைச் சேரும் என்கிறது. கொடுத்த பணமும் திரும்பாது. புரோக்கருக்கு கமிஷன் மட்டும் செல்லும்.

சரி, இவ்வளவு தூரம் போவானேன், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டம் வாங்கட்டுமே என்றாள் தங்கச்சி. அதிலும் சிக்கல். அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியன், நம் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும், இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பன் சொத்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அங்கே அந்நியன் என்பதால் நிலம் இல்லை, இங்கே ஊரில் இல்லை என்பதால் நிலம் இல்லை. பிள்ளை பாவம், இரண்டு கரையிலும் பணத்தோடு நிற்கிறான்.

அம்மா பெயரில் வாங்கலாமே என்றால் வாங்கலாம். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த பணம் அம்மா பணம், அம்மா வாங்கிய நிலம் அம்மா நிலம். உடன்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை அவன் மறந்துவிடக் கூடாது. அதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

*

மேலே குடியிருப்பது என்றால் என்ன? எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காவல்காரக் குடும்பம். புருஷன், பெண்சாதி, புருஷனுடைய அம்மா. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அரபிகா பழம் எடுப்பும் கீழ்ப்பழனியில் ஒன்றாக வரும். அங்கே காபிக்கு இதுதான் தலைவலி. களத்தில் பழத்தைப் பரப்பி அந்த அம்மா பலகையால் கிளறிக்கொண்டே இருப்பார். ஒரு கண் பழத்தில், ஒரு கண் மேகத்தில். இருட்டிக்கொண்டு வந்தால் மூன்று பேரும் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள். வெயில் வந்தால் மறுபடி பரப்ப வேண்டும். ஒரு நாளில் நாலைந்து தடவைகூட நடக்கும். ஒரு தடவை தவறினால் பூஞ்சணம் பிடித்து, வியாபாரி மோந்து பார்த்தே விலையை இறக்கிவிடுவார்.

ராத்திரிக்குக் காட்டுமாடு. டார்ச்சும் பட்டாசும் தலைமாட்டிலேயே இருக்கும். யானை வந்தால் பட்டாசும் உதவாது, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்துவிடுவார்கள். கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. பெண்சாதிக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது முன்கூட்டியே கீழே இறக்கி வத்தலக்குண்டில் உறவுக்காரர் வீட்டில் வைத்தார்கள். முதலாளி திண்டுக்கல்லில். விருந்தாளிகளோடு வருவார், “என்ன ஒரு அமைதி!” என்பார்.

இன்னும் உள்ளே போனால் வெள்ளகவி. கொடைக்கானலுக்குக் கீழே, வட்டக்கானலிலிருந்து நடந்தே இறங்க வேண்டியிருந்த ஊர். காபியும் மிளகும் பட்டர்புரூட்டும் குதிரை முதுகில் போய் விலையானவை. நோயாளியை டோலி கட்டித் தூக்கினார்கள். ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. அதற்கு மேலே வட்டக்கானலிலோ இஸ்ரேல் பிள்ளைகள் கூட்டம், தங்கும் அறைகள், சாக்லேட் கேக். இரண்டுக்கும் இடையில் சில மணி நேர நடைதான். நில விலையில் அந்தத் தூரத்தை நடந்து கடக்க முடியாது.

*

காபி விலை ஒரு சூதாட்டம். 1975இல் பிரேசிலில் பனி கொட்டிச் செடி கருகியது, இங்கே தோட்டக்காரர்கள் கார் வாங்கினார்கள். 1989இல் உலகக் காபி ஒப்பந்தம் முறிந்து விலை சரிந்தது. அப்போது நம் ஆட்கள் விளைந்ததைக் காபி போர்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். முழுசாகக் கட்டு அவிழ்ந்தது 1996இல். அவிழ்ந்த கையோடு, 2001 வாக்கில், வியட்நாம் காபி வந்து தரையில் அடித்தது. பழம் பறிக்கிற கூலிக்குக்கூட வராமல் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் அரபிகா நியூயார்க்கில் ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டியது. உடனே தோட்டத்துக்கு விலை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். செடி வைத்துப் பழம் காண மூன்று நாலு வருஷம் ஆகும். அதுவரை நியூயார்க் காத்திருக்குமா?

*

தை மூன்றாம் நாள் எங்கள் ஊர் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவோம். வேண்டுதல் வைத்தவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கூட்டத்தில் வீசுவார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வருகிற நாள் என்பதால் நிலப் பேச்சும் அன்றைக்குத்தான். பழம் பிடிக்க நீட்டின கையோடு ஏக்கர் விலை கேட்பார்கள்.

வாழை என்றதும் இன்னொன்று. மலைவாழை மட்டும் நம்பி மேலே நிலம் வாங்கினவர்களை முடிக்கொத்து நோய் உட்காரவைத்தது. அசுவினி பரப்பும் வைரஸ். மலைமலையாக அழிந்தது. 2008இல் சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது மிச்சமிருந்தது கொஞ்சம்தான்.

*

கட்டிடம் கட்டி விடுதி நடத்தலாம் என்பவர்களுக்கு: கொடைக்கானல் தாலுகாக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். 1990இல் வந்த ஏற்பாடு. அனுமதி இல்லாமல் கட்டி, ஐகோர்ட்டு உத்தரவில் சீல் வைத்த கட்டிடங்களை ஊரே பார்த்தது. 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேறு. அந்தத் தீவில் இவை எல்லாம் இருக்காது என்கிறான் மருமகன். இன்று இருக்காது.

*

அவனுக்கு எழுதி அனுப்பிய கேள்விகள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் எத்தனை மாதம் வரும்? அந்த முளைக்குச்சிக்கும் ரோட்டுக்கும் நடுவில் யார் நிலம்? பக்கத்துக் கிராமத்தில் உனக்குப் பெயர் தெரிந்த ஆள் யார்? பாம்பு கடித்தால் எத்தனை மணி நேரத்தில் டாக்டர்? நாலு கூட்டாளிகளில் அங்கே போய் இருக்கப்போவது யார்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. “யாரும் இல்ல மாமா, வாடகைக்கு விடுறதுதான் பிளான்.”

வாங்குவதாக இருந்தால் செப்டம்பரில் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வா, அப்போதுதான் சும்பாவில் வெயில் காயும், தண்ணீர்க் கதை தெரியும் என்று போட்டேன்.

“செப்டம்பர்ல லீவு தர மாட்டாங்க மாமா. சீசன்.”