துப்பாக்கியும் சபூரும்

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்னும் படத்தை அண்மையில் என் மகனுடன் கண்டேன். செர்ஜியோ லியோனே 1966-இல் இயக்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கதை. கதாநாயகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏந்துவது 1851-ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் நேவி சுழல் துப்பாக்கி.

அதன் ஆறு அறைகளிலும் தனித்தனியே மருந்திட்டு, ஈயக்குண்டை அழுத்தி, பின்னே வெடிமூடி பொருத்த வேண்டும். சில நிமிடங்கள் பிடிக்கும். படத்திலோ அவர் உலோகத் தோட்டாக்களை நொடியில் நிரப்புகிறார். தோட்டா ஏற்குமாறு மாற்றப்பட்ட கோல்ட்டுகள் பரவியது 1870-களில்தான். போரோ 1865-இலேயே முடிந்துவிட்டது.

"இந்தச் சிறு பிழையால் என்ன வாப்பா?" என்றான் மகன்.

"சினம் தணிய இருந்த அவகாசம் மறைந்துவிட்டதே!" என்றேன்.

"அந்த அவகாசம் இருந்தும் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்களே?"

நான் வாயடைத்துப் போனேன். கருவி அவகாசம் தரலாம், சபூரைத் தருவதில்லை. அன்று காலை, அவன் சொல்ல வந்ததை முழுதும் கேளாமல் கடிந்துகொண்டது நினைவில் உறுத்திற்று. என் நாவில் தோட்டாக்கள் எப்போதும் நிரம்பியே இருந்தன.

"காலையில் நீ சொல்ல வந்தது என்ன?" என்று கேட்டேன். இம்முறை முழுவதையும் கேட்டேன்.