எறும்பெண்டு நினைச்சன்

போன வருசம் ஸ்டடி லீவுக்கு வீட்டில் நின்ற நேரம். இரவு ஒரு மணி இருக்கும். வெக்கைக்கு விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்த அப்பா எழும்பி, "ஏதோ கடிச்சமாதிரி கிடக்கு பிள்ளை" என்றார். ஃபோன் லைற் அடித்துப் பார்த்தேன். காயமில்லை, வீக்கமில்லை. அவருக்குப் பெரிசாய் நோவும் இல்லை. "எறும்பா இருக்கும், படுங்கோ அப்பா" என்றுவிட்டு நோட்ஸைப் படிக்கப் போய்விட்டேன்.

விடியப்புறம் அப்பாவுக்கு வயிற்றுக்குத்து. பிறகு கண் இமை இரண்டும் தானாக விழத் தொடங்கின. பக்கத்து வீட்டு மாமா காலை இறுக்கிக் கட்டக் கயிறோடு ஓடி வந்தார். அம்மா விடவில்லை. 1990க்கு அடித்தோம்.

கடித்தது எட்டடி விரியன். இரவில் தரையில் படுப்பவர்களைத்தான் அது கூடுதலாகக் கடிக்கும். பல்லுத் தடம்கூடச் சிலவேளை தெரியாது. விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்திவிடும். அப்பா மூன்று நாள் வென்டிலேற்றரில் கிடந்தார்.

டொக்டர் சொன்னது இவ்வளவுதான்: "கட்டாதேங்கோ, வெட்டாதேங்கோ, உறிஞ்சாதேங்கோ. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதேங்கோ. மோதிரம், காப்பைக் கழற்றிப்போட்டு, ஆளை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே கொண்டு வாங்கோ. தடம் இல்லாட்டிலும் வாங்கோ."

அந்தக் கடைசி வசனம் எனக்கென்றே சொன்னதுபோல இருந்தது.

இப்போது அப்பா கட்டிலில்தான் படுக்கிறார். நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகிவிடுவது என் வேலை. "எறும்பு வருமெண்டு பயமோ?" என்று பகிடி விடுவார். எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.